கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க, சார்

மன்னார்குடியில் பஸ் ஏறி உட்கார்ந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, இடது கால் சில்லென்று நனைந்தது. குனிந்து பார்த்தால் முன் சீட்டுக்கு அடியில் ஐந்தாறு நாற்று முடிகள். நடவில் குறை விழுந்த இடத்துக்கு யாரோ எடுத்துப்போகிறார்கள் போலிருக்கிறது. வேரில் ஒட்டியிருந்த சேறு கரைந்து, பஸ் வளையும்போதெல்லாம் என் செருப்புக்குள் வந்து சேர்ந்தது. "யாருதுங்க இது? பெரியவரு காலெல்லாம் நனையுது பாருங்க" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். இருக்கட்டும் தம்பி என்று கையால்தான் சொன்னேன். அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறிவிட்டிருந்தது. உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்துவிட்டுத் தஞ்சாவூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கால்கூடக் கழுவாமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாது. நீங்கள் இருந்தபோது எழுதியிருந்தாலும் உங்கள் மகள் தேன்மொழிதான் படித்துக் காட்டியிருக்க வேண்டும். நீங்களும் நாலு இடத்தில் நிறுத்தச் சொல்லி, "அப்படி இல்ல சார், இப்படி" என்று என்னைத் திருத்தியிருப்பீர்கள். இன்று திருத்த ஆள் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளில் நான் செய்ததையே முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம், ஆடி மாதம். எனக்கு இருபத்தொன்பது வயது. உளவியலில் எம்.ஏ. வாங்கிவிட்டு, தஞ்சாவூரில் ஒரு நீளமான வாடகை வீட்டில் டியூஷன் நடத்திக்கொண்டிருந்தேன். வாத்தியார் படிப்புப் படிப்பவர்களுக்குக் கல்வி உளவியல் என்று ஒரு பேப்பர் உண்டு, அதற்குத்தான் ஆட்கள் வருவார்கள். வாசலில் 'மனோதத்துவ வகுப்பு' என்று போர்டு வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டுப் பேய் பிடித்த பெண்ணைக் கூட்டிக்கொண்டும் சிலர் வந்து நிற்பார்கள். அவர்களை அனுப்புவதற்குள் எனக்கு மூச்சு முட்டும். ஜில்லா முழுக்கத் தேடினாலும் என்னைப்போல் இந்தப் பாடம் சொல்லித்தர ஆள் கிடையாது என்று எனக்கு நினைப்பு.

அன்று காலை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். மடித்துச் சொருகிய புடவை, வெறுங்கால், கையில் ஒரு துணிப்பை. எங்கள் பண்ணையிலிருந்து அப்பா ஏதோ கொடுத்தனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். யார், என்ன என்று கேட்கவில்லை. எழுந்து வரவும் இல்லை. "கொல்லைப் பக்கமா வா" என்றேன்.

எங்கள் வீடுகளில் வயல் வேலை செய்கிறவர்கள் வந்தால் அப்படித்தான் சொல்வோம். மூன்று வயதில் பேசக் கற்றபோது கூடவே கற்ற வார்த்தை அது. மனித மனத்தைப் பற்றி மேசை நிறையப் புத்தகம் வைத்திருந்தவன் வாயிலிருந்தும் அதுதான் வந்தது.

நீங்கள் சந்து வழியாகச் சுற்றிக் கொல்லைக்குப் போய், துவைக்கிற கல்லில் உட்கார்ந்தீர்கள். ஒரு மணி நேரம் காக்க வைத்தேன். வகுப்பு முடிந்து நான் வந்ததும் எழுந்து நின்றீர்கள்.

"எம்பொண்ணுக்கு வாத்தியார் தேடிட்டு வந்தேங்க, சார். நீங்க சொல்லித்தர பாடம்தான் படிக்கிறா."

எனக்கு முகம் சுட்டது. உள்ளே வாங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொல்லையிலேயே நின்று, "என்ன படிக்கிது பொண்ணு?" என்று கேட்டேன்.

நீங்கள் சொன்னீர்கள். தேன்மொழி உங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். சென்னையில் எந்தப் பாடத்தில் இடம் கிடைத்ததோ அந்தப் பாடத்தில் சேர்ந்தாள், அது உளவியலாகப் போயிற்று. முதல் வருஷத்தில் இரண்டு பேப்பர் போய்விட்டது. ஒன்று எழுத்து, ஒன்று செய்முறை. அக்டோபரில் இரண்டையும் எழுதித் தேறினால்தான் ஹாஸ்டலில் மறுபடி இடம், உதவித்தொகை எல்லாம். தேறாவிட்டால் ஊரோடு வந்து நாற்றுப் பறிக்க வேண்டியதுதான். ஒரு மாப்பிள்ளை வீட்டார் அதற்குள் இரண்டு தடவை வந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"ரெண்டு பேரப் பாத்துட்டேங்க" என்றீர்கள். "மன்னார்குடியில ஒரு ரிடையர் சாரு. நல்ல மனுசன். நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள பதில் சொல்லிப்புட்டாரு. கும்பகோணத்துல ஒருத்தரு, அவரு எம்பொண்ணு பேரயே கேக்கல. அதான் இங்க வந்தேன்."

"இங்க எப்படி இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். பாராட்டை எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

"வாசல்ல நாலு ஜோடிச் செருப்பு கெடந்துச்சு, சார். ஒரு மணி நேரமா உங்க கொரல விட்டா மூணு கொரல்தான் கேட்டுச்சு. அந்த நாலாவது ஆள நீங்க ஒரு தடவகூடக் கூப்புடல."

அந்த நாலாவது ஆள் ஒரு கிராமத்துப் பையன், வாத்தியார் படிப்பு மாணவன். இரண்டு மாதமாக வருகிறான், அவன் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. கொல்லையில் கல்லில் உட்கார்ந்து, சுவருக்கு வெளியிலிருந்தே நீங்கள் அதைக் கண்டுபிடித்திருந்தீர்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அடுத்த நாள் வாங்க என்றேன். அந்த 'ங்க' எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை.

மறுநாள் நீங்கள் வாசல் வழியாகத்தான் வந்தீர்கள். நானாகக் கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்தேன். அப்போதுதான் நீங்கள் எங்கள் ஊர்க் காலனியில் இருப்பவர் என்று தெரிந்தது. நடவுக்கு ஆள் கூட்டி வருகிறவர். முந்தைய அறுவடையில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்ததே, அதில் முன்னால் நின்றவர். எங்கள் அப்பா வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார். ஊருக்குள் போலீஸ் வேன் வந்து நின்றது. ஒருத்தருக்கு மண்டை உடைந்தது. கடைசியில் தாலுகா ஆபீஸில் மிராசு, கூலிக்காரர் சங்கம், சர்க்கார் என்று மூன்று தரப்பையும் உட்காரவைத்துப் பேசித்தான் முடித்தார்கள். நான் அப்போது தஞ்சாவூரில் இருந்தேன். படித்தவன், இரண்டு பக்கமும் சேராதவன் என்று சொல்லிக்கொண்டேன். அரிசி மட்டும் அந்த நிலத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"நான் யார் வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சுதான் வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"தெரியாமலா? உங்க அப்பா வயல்லதான நடறேன். அந்த வீட்டுப் புள்ளன்னு நான் வராம இருந்தா எம்பொண்ணு படிப்பு என்னாவறது?"

இவ்வளவையும் என்னைச் 'சின்னய்யா' என்று கூப்பிடாமல், 'சார்' என்றே கூப்பிட்டுச் சொன்னீர்கள். எங்கள் ஊர்க்காரர்களில் என்னைச் சார் என்று கூப்பிட்ட முதல் ஆள் நீங்கள்தான். நான் வாங்கிய பட்டத்துக்கு அப்படி ஒரு மரியாதை வீட்டில்கூடக் கிடைத்ததில்லை.

உங்களை அசத்திவிட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை வந்தது. செய்முறைத் தேர்வுக்கு வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியை எடுத்தேன். ஒரு காகிதத்தில் நட்சத்திரம் இருக்கும். அதை நேராகப் பார்க்க முடியாமல் ஒரு தட்டி மறைத்திருக்கும். எதிரே இருக்கும் கண்ணாடியில் தெரிகிற பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே கோட்டின்மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். மேலே போக நினைத்தால் கை கீழே போகும். படித்தவர்களே திணறிப்போவார்கள். "இந்த மாதிரி செய்முறையிலதான் உங்க பொண்ணு தேறல. நீங்க செஞ்சு பாருங்க" என்று பென்சிலைக் கொடுத்துவிட்டு உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றேன்.

பென்சிலை நீங்கள் முழு விரல்களாலும் பிடித்தீர்கள். கோடு இங்கும் அங்கும் இழுத்தது. ஒரு முனையில் போய் மாட்டிக்கொண்டு வெளியே வரவே இல்லை. நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. அப்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னீர்கள்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க, சார்."

நான் ஜன்னலோரம் போனேன். வேறு ஒரு காகிதம் வைக்கச் சொன்னீர்கள். தெருவில் ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து "பாருங்க" என்றீர்கள். நட்சத்திரம் முழுதாக இருந்தது. கோணல்தான், ஆனால் ஐந்து முனையையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது.

"ரெண்டாவது தடவை பழகிடும்" என்று சமாளித்தேன்.

"அப்ப மூணாவது போடறேன். திரும்ப வந்து நில்லுங்க."

வந்து நின்றேன். கை மறுபடி இழுத்துக்கொண்டு போயிற்று. நீங்கள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"எம்பொண்ணுக்கு இதான் சார் வியாதி. நடவுல தெனம் பாக்கறேன். பழகினவ பக்கத்துல வரப்புல மிராசு வந்து நின்னா அவ இன்னும் வேகமா நடுவா. புதுசா வந்தவ பக்கத்துல நின்னா கையெல்லாம் கட்டிப்போட்டாப்புல ஆயிடும். அவளுக்குப் பாடம் தெரியும். யாராச்சும் பின்னால வந்து நின்னா எல்லாம் போயிடுது."

நான் எம்.ஏ.வில் படித்த ஒரு முழு அத்தியாயம் அது. பார்வையாளர் இருந்தால் தெரிந்த வேலை வேகமாகும், தெரியாத வேலை தடுமாறும் என்று பக்கம் பக்கமாகப் பரிசோதனைகள் போட்டிருப்பார்கள். மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருந்தேன். அதை நீங்கள் என் பெட்டியை வைத்து, என்னையே பொருளாக வைத்துப் பரிசோதித்துக் காட்டினீர்கள். இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, "எங்கயும் இல்ல. தாலுகா ஆபீசு பேச்சுக்குப் போனாலும் நான் மேசைக்கு அடியிலதான் பாப்பேன், யாரு கால ஆட்டறாங்கன்னு. வாயில சொல்றத அப்பறம் கேட்டுக்கலாம்" என்றீர்கள்.

அதோடு விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அடுத்துத்தான் உங்கள் நிபந்தனை வந்தது.

"நீங்க ஒரு நாளு வந்து எங்களோட நடணும், சார். தெரியாத வேலைய நாலு பேரு பாக்கச் செஞ்சாத்தான் எம்பொண்ணு கஷ்டம் உங்களுக்குப் புரியும். நாளன்னிக்கி உங்க வயல்லதான் நடவு."

முடியாது என்றேன். அப்பாவுக்குத் தெரிந்தால் ஊரே இரண்டாகும் என்றேன். வேலைநிறுத்தம் முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, மிராசு மகன் காலனிப் பெண்களோடு சேற்றில் இறங்கினான் என்றால் சங்கத்தில் சேர்ந்துவிட்டான் என்பார்கள். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சரிங்க சார். யோசிங்க" என்று எழுந்து போய்விட்டீர்கள்.

மறுநாள் வகுப்பில் பரீட்சை வைத்தேன். அந்த நாலாவது பையன் பின்னால் போய் நின்றேன். அவன் பேனா நின்றது. விலகிப் போனேன். ஓடியது. மறுபடி போய் நின்றேன். நின்றது. இரண்டு மாதமாக அவனை மக்கு என்று நினைத்திருந்தேன். அன்று சாயங்காலமே ஊருக்குப் பஸ் ஏறினேன்.

காலையில் நான் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றதும் வயலே சிரித்தது. ஒரு பெண், "சார் முதல்ல வழுக்காம நின்னாப் போதும்" என்றாள். கரையில் நாற்று முடி பிரித்துக்கொண்டிருந்த ஒல்லியான பெண் மட்டும் சிரிக்கவில்லை. அது தேன்மொழி. நீங்கள் என் இடது பக்கம் வந்து நின்றீர்கள். உங்கள் அக்கா வலது பக்கம். குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் நகர வேண்டும், ஒவ்வொருவருக்கும் கை எட்டும் அகலம், முதுகுக்குப் பின்னால் இருக்கிற வரப்பில் போய் முடிக்க வேண்டும். நான் ஊன்றிய நாற்று ஊன்றிய உடனே மிதந்தது. ஆழமாகக் குத்தினால் தலை முழுகிப்போயிற்று. பத்து நிமிஷத்தில் இடுப்பு இற்றுவிட்டது.

பாதி வயல் வந்திருப்போம். பேச்சுச் சத்தம் அடங்கியது. நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்தது. அப்பா, குடையோடு, வரப்பில்.

என் கை நின்றுவிட்டது. நாற்றைப் பிரிக்கக்கூட வரவில்லை. சிறு வயதில் கணக்கு ஒப்பிக்கும்போது அவர் அப்படித்தான் நிற்பார். அந்தப் பயம் முழங்கால் சேற்றில் நிற்கும்போது அப்படியே திரும்பி வந்தது. எதற்கு வந்தேன் என்பது அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது.

நீங்கள் நிமிர்ந்தீர்கள். கையில் நாற்றோடு, சாதாரணக் குரலில் சொன்னீர்கள்.

"ஐயா, கொஞ்சம் நெழலுக்குப் போங்க. புதுசா நடற ஆளு, நீங்க நின்னா கை ஓடாது."

எங்கள் அப்பாவிடம் அந்த வயலில் யாரும் அப்படிப் பேசியதில்லை. கலெக்டர் சொல்லிக்கூடக் கேட்காத மனிதர். அவர் உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடையை மடக்கினார், மறுபடி விரித்தார். பிறகு திரும்பிப் போய்ப் பம்புசெட்டுப் பக்கம் மறைந்துவிட்டார். வெட்கத்தில் போனாரா, கோபத்தில் போனாரா தெரியாது. பொங்கல் வரை என்னோடு பேசவில்லை. ஆனால் போனார். அதைப் பார்த்தபோது ஆற்றில் புதுத் தண்ணீர் வருகிறபோது பாலத்தில் நின்று பார்ப்பேனே, அப்படி வாய் பிளந்து நின்றேன்.

அதன்பிறகு என் கை ஓடியது. மற்றவர்களோடு நானும் பின் வரப்பைத் தொட்டேன். ஒரே நேரத்தில். நீங்கள், "எம்பொண்ண அனுப்பறேன், சார்" என்றீர்கள்.

தேன்மொழி வாரத்தில் நாலு நாள் பஸ்ஸில் வந்தாள். அவளுக்கு எதிரே நான் ஒரு நாளும் உட்காரவில்லை, பின்னால் நிற்கவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் எழுதும் கேள்வியை நானும் எழுதினேன். என் தாளை அவள் திருத்தினாள், அவள் தாளை நான் திருத்தினேன். நான் நட்சத்திரம் போடும்போது என் பின்னால் நிற்கச் சொன்னேன். முதல் நாள் என் கோடு கோணியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குப் பிறகு அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது. கடைசி இரண்டு வாரம் அந்த நாலாவது பையனை அவள் பின்னால் நிறுத்தினேன், பிறகு மூன்று பேரை. அக்டோபரில் எழுதினாள். முடிவு வந்த அன்று நீங்கள் வேலையை விட்டு வரவில்லை. சொல்லி மட்டும் அனுப்பினீர்கள், "நாலாவது புள்ளையும் தேறிச்சான்னு கேட்டுட்டு வா" என்று. அவனும் தேறியிருந்தான்.

தேன்மொழி இன்று ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் ஓய்வுபெறப் போகிற உளவியலாளர். தேன்மொழி என்ற பெயரை நீங்கள் ஏதோ திராவிடக் கட்சி மேடையில் கேட்டு வைத்ததாகச் சொல்வாள். பெயரை அங்கே எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்ச் செங்கொடி பிடித்தீர்கள் என்று நான் கேலி செய்வேன்.

நான் அந்த நடவுக் கதையை விடவே இல்லை. புதிதாக வருகிற ஒவ்வொரு மாணவனிடமும் சொல்வேன். தெரியாத வேலை, ஊர் பார்க்க, ஒரே நாளில் கற்றுக்கொண்டு மற்றவர்களோடு சமமாக வரப்பைத் தொட்டேன் என்று முடிப்பேன். நாற்பது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் முடித்தேன்.

இன்று படையல் முடிந்து இலையில் உட்காரும் முன்பு தேன்மொழி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், அன்னைக்கு நடவுல உங்க ரெண்டு பக்கமும் நின்னது யாருன்னு ஞாபகம் இருக்கா?"

"உங்க அம்மாவும் பெரியம்மாவும்."

"நடவுலயே கை வேகம் அவங்க ரெண்டு பேருதான். உங்க அகலத்துல ரெண்டு ஓரத்தையும் அவங்கதான் சேத்து நட்டுட்டு வந்தாங்க. நடுவுல ரெண்டே வரிசைதான் சார் நீங்க நட்டது. நான் கரையிலேர்ந்து பாத்துக்கிட்டே இருந்தேன்."

"ஏன் இத்தனை வருஷமாச் சொல்லல?"

"அம்மா சத்தியம் வாங்கிக்கிச்சு. சாருக்குத் தெரிஞ்சா அடுத்த தடவ கை ஓடாது, நான் இருக்கறவரைக்கும் சொல்லாதன்னுச்சு."

இலையில் என்ன பரிமாறினார்கள் என்று தெரியவில்லை. என் அப்பாவுக்கு எதிரே நிமிர்ந்து நின்ற அதே நேரத்தில், யாருக்கும் தெரியாமல் என் பங்கையும் நட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். வாத்தியாரைச் சோதிக்கக் கூப்பிட்டு, சோதனையில் அவன் தோற்றுப்போகாமலும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அம்மா என்று கூப்பிடத் தோன்றுகிறது. ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, இப்போது கூப்பிடுகிறேன்.

நாளைக் காலை ஒரு பெண் வருகிறாள். சீர்காழிப் பக்கம், தபால் வழியில் உளவியல் படிக்கிறாள், இரண்டு தடவை போய்விட்டது. அவள் அப்பா போன வாரம் வந்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "நல்லா சொல்லித்தருவீங்களா, சார்?" என்று நேராகவே கேட்டார். எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் எழுதுவேன். அவள் அகலத்தின் இரண்டு ஓரத்தையும் நான் நட்டுக்கொண்டு வருவேன். அவளிடம் சொல்ல மாட்டேன்.